பதில் இழுப்பு

"இந்தக் கையால என்ன செய்ய முடியல?" என்று ரவிசங்கர் கேட்டார். கேள்வி தாளில் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தமிழில் கேட்டார்.

யேசுராஜ் மேசைமேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தான். விரல்கள் மூடியிருந்தன. நடுவில் ஒரு கயிறு போகும் அளவுக்கு இடம்.

"விட முடியல சார்."

"பிடிக்க முடியலன்னு எழுதிக்கறேன்."

"பிடிக்கதுக்கு முடியும். விடத்தான் முடியல."

ரவிசங்கர் பேனாவை மூடி வைத்தார். சென்னைக்காரர். கம்பெனியில் ஆட்களின் விசா, லீவு, டிக்கெட் எல்லாம் பார்ப்பவர்.

"யேசுராஜ், இதப் படிக்கப்போறவன் லண்டன்ல உக்காந்திருக்கான். அவனுக்குப் புதிர் போடாதீங்க. கை வேலைக்கு ஆகாது. அவ்வளவுதானே?"

"ஆகாது சார்."

"அதையே எழுதறேன்."

எழுதினார். கம்பெனியின் தலைமை அலுவலகம் லண்டனில் இருந்தது. அங்கே உள்ளவர்களுக்கு இருந்த ஒரு திட்டத்தை இந்த வருடம்தான் துபாய் ஆட்களுக்கும் நீட்டியிருந்தார்கள். அடிபட்டோ நோய்ப்பட்டோ கொஞ்ச காலம் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும். விசா இருக்கும். ரூமில் கட்டில் இருக்கும். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அடிபட்டவர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதுதான் வழக்கம்.

"நீங்கதான் முதல் போணி," என்றார் ரவிசங்கர்.

"கெடைக்கலன்னா?"

"திரும்ப கயித்தப் பிடிக்கணும். முடியாதுன்னா டிக்கெட். வேற வழி இல்ல."

யேசுராஜின் கை மேசைமேல் அசைந்தது. மணிக்கட்டு ஒருமுறை பின்னால் வெட்டி நின்றது. அவ்வளவுதான். ரவிசங்கர் அதைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"வலிக்குதுன்னு சொல்லுங்க. டாக்டர் கேட்டா வலிக்குதுன்னு சொல்லுங்க."

யேசுராஜ் இடது கையால் பேனாவைப் பிடித்து, காட்டிய இடத்தில் பெயரை எழுதினான்.

*

அவன் டெண்டர். கப்பல்கள் ஃபுஜைராவுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அடியில் சிப்பியும் பாசியும் அப்பியிருக்கும். டைவர் இறங்கிச் சுரண்டுவான். அவன் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றோடு சேர்த்துக் கட்டிய காற்றுக் குழாய். மேலே படகில் நின்று அந்தக் கயிற்றைக் கையில் வைத்திருப்பவன் டெண்டர். ஹெல்மெட்டுக்குள் போன் உண்டு. போன் இரையும். பாதிப் பேச்சில் செத்துப்போகும். கயிறு அப்படியில்லை.

கயிற்றின் பேச்சு கொஞ்சம்தான். ஒரு இழுப்பு: நல்லாயிருக்கியா? கீழிருந்து ஒரு இழுப்பு வரும்: நல்லாயிருக்கேன். நாலு இழுப்பு: மேலே வா. கீழிருந்து நாலு வந்தால் தூக்கத் தொடங்கலாம். எத்தனை இழுப்பு வருகிறதோ அத்தனையே பதில். பதில் வராவிட்டால் அந்த முனையில் ஆபத்து. அதனால் டெண்டர் தும்மும்போதும் பதில் சொல்வான், தேநீர் குடிக்கும்போதும் பதில் சொல்வான். யோசித்துப் பதில் சொல்கிறவனை யாரும் டெண்டராக வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று இறங்கியவன் ஜெரிஷ். வாணியக்குடிக்காரன், இளவயது. யேசுராஜின் ஊரான குறும்பனைக்கு அடுத்த கரை. ஹெல்மெட்டை மாட்டும் முன்னால் அவன் சொன்னான்:

"அண்ணே, நல்லாயிருக்கியா நல்லாயிருக்கியான்னு சும்மா சும்மா இழுக்காதிய. எனக்க அம்மகூட இத்தன தடவ கேக்காது."

"ஒனக்க அம்மைக்கு நீ எங்க கெடக்கன்னு தெரியாது. எனக்குத் தெரியும். எறங்குலே."

யேசுராஜ் கேட்டான். பதில் வந்தது. மறுபடி கேட்டான். வந்தது. அதற்கப்புறம் கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அவன் விடவில்லை. ஓட்டம் நின்றபோது கயிற்றில் கனம் இல்லை. இழுத்தான். அறுந்த முனை வந்தது. காற்றுக் குழாயும் அதே இடத்தில் அறுந்திருந்தது.

தேடினார்கள். அன்று நீரோட்டம் பலமாக இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. எது அறுத்தது என்று விசாரிக்க வந்தவர்கள் கப்பலைச் சுற்றிவந்து படம் எடுத்தார்கள். டெண்டர்மேல் தவறு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் யேசுராஜின் கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் அயர்ந்திருந்தான். கட்டுக்குள் ஒரு இழுப்பு வந்தது.

பதில் இழுத்தான்.

அப்புறம்தான் விழித்தான். கையில் கயிறு இல்லை. கட்டிலின் கால்மாட்டில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் வெயிலில் கிடந்தது.

பதில் சொல்லியிருக்கக் கூடாது. வேறொருவன் என்றால் நரம்பு துடிக்கிறது என்று கையை உதறியிருப்பான். டெண்டரின் கைக்கு உதறத் தெரியாது. ஒருமுறை பதில் போனதும், இந்த முனையில் ஆள் இருக்கிறான் என்று அந்த முனைக்குத் தெரிந்துவிட்டது.

அதிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பல் தேய்க்கும்போது கேட்கும். பஸ்ஸில் கேட்கும். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது கேட்கும். முன்பு கேட்டவன் இவன். இப்போது கேள்வி கீழிருந்து வருகிறது. நல்லாயிருக்கியா?

நல்லாயிருக்கேன் என்று ஒவ்வொரு முறையும் கை சொன்னது. தோல் ஆறியது. விரல் திறக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை துபாய் அல் குசைஸ் ரூமில் மீன்குழம்பு. சமைத்தவன் பிரைட். யேசுராஜின் மனைவி அன்னபாக்கியத்தின் தம்பி. அவனும் அதே கம்பெனியில் டைவர். ரூமில் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். இரண்டு பேரும் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யேசுராஜ் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான்.

"அத்தான், கொளம்பு எப்பிடி?"

"ஒனக்க அக்கா கேட்டா நல்லதுன்னு சொல்லுவேன்."

"நான் கேட்டா?"

"உப்ப எந்தக் கடல்ல முக்கி எடுத்த?"

பிரைட் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். யேசுராஜின் வலது கை மடியில் கிடந்தது. அது ஒருமுறை பின்னால் வெட்டியது. பிரைட் டைவர். அந்த அசைவைக் கயிற்றின் மறுமுனையில் எத்தனையோ தடவை இடுப்பில் வாங்கியவன்.

"ஆருக்கு பதில் சொல்லுதிய?"

யேசுராஜ் கரண்டியைத் தட்டில் வைத்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கேட்டவனுக்கு."

பிரைட் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தான். சாப்பாடு பாதியில் இருந்தது. உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

"புது டெண்டர் ஒருத்தன் வந்திருக்கான். ஒரிசாக்காரன். நல்ல பய. ஆனா இழுத்தா யோசிக்கான், அத்தான். நான் கீழ கெடந்து எண்ணிட்டு இருக்கேன், அவன் மேல நின்னு யோசிச்சிட்டு இருக்கான். நீங்க எப்பம் வருவிய?"

"வரமாட்டேன் மக்கா."

"கை சரியாப் போச்சுன்னா?"

"ஒனக்க கயிறு எனக்க கையில இருக்குன்னு வச்சுக்கோ. ஒரு இழுப்பு வருது. நீ இழுத்தியா அவன் இழுத்தானான்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

பிரைட் தன் இடுப்பைத் தடவினான்.

"அதுக்குத்தான் இந்த டிசபிலிட்டி காசு கேக்கது," என்றான் யேசுராஜ். "கெடைச்சா இங்கின கெடக்கலாம். ஒருத்தன் உயிரும் எனக்க கையில வராது."

"ஊருக்குப் போயிரலாம்லா?"

"போயி? வாணியக்குடிக்காரி வந்து வாசல்ல நிப்பா. எனக்க மொவன் எங்கன்னு கேப்பா. நான் கயிற்ற மட்டும் கொண்டுவந்தேன்னு சொல்லவா?"

பிரைட் கீழே உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நாலு குடுத்துப் பாத்தியளா?"

"இல்ல."

"ஏன்?"

யேசுராஜ் மடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

"வந்தான்னா?"

*

லண்டனிலிருந்து பதில் வந்தது. ரவிசங்கர் போனில் சொன்னார். தையல் போட்ட சர்ஜன் நேர்மையான ஆளாம். நரம்பு, தசைநார், எலும்பு எல்லாம் சரி என்று எழுதிவிட்டாராம். எல்லாம் சரி என்றால் கை ஏன் திறக்கவில்லை என்று லண்டன் கேட்கிறது. அவர்களுடைய டாக்டர் ஒருவர் துபாயிலேயே தேராவில் இருக்கிறார். அவர் பார்த்துச் சொன்னால்தான் முடிவு.

"வலிக்குதுன்னு சொல்லுங்க," என்றார் மறுபடி.

டாக்டர் மஹ்மூது எகிப்துக்காரர். அவசரப்படாதவர். அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு துணித்திரை. யேசுராஜின் ஆங்கிலமும் டாக்டரின் ஹிந்தியும் பாதி வழியில் நின்றன. டாக்டர் வெளியே பார்த்துக் கூப்பிட்டார். ஒரு நர்ஸ் வந்தாள்.

"எந்த ஊரு அண்ணா?"

"கன்னியாகுமரி பக்கம்."

"கன்னியாகுமரின்னு ஹிந்திக்காரன்கிட்ட சொல்லுங்க. எந்தக் கரை?"

"குறும்பனை."

"நான் முட்டம். அஜிஷா. பேச்சக் கேட்டப்பமே நெனைச்சேன்." டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். டாக்டர் தலையாட்டினார்.

"கையில என்ன செய்யுதுன்னு கேக்காரு."

யேசுராஜ் ரவிசங்கரை நினைத்தான். வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அஜிஷா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கரையில் பார்க்கிற முகமாக இருந்தது.

"இழுக்கு."

"உள்ளயா?"

"கீழ."

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று யேசுராஜுக்குப் புரியவில்லை. டாக்டர் மேசையிலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணியை எடுத்தார். ஒரு முனையை யேசுராஜின் மூடிய விரல்களுக்குள் நுழைத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

"அவரு இழுக்கும்பம் நீங்க இழுக்கணுமாம். சும்மா இருந்தா சும்மா இருக்கணுமாம்."

அஜிஷா திரையின் ஓரத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் அவளுக்குத் தெரிந்தது.

துணி இழுபட்டது. யேசுராஜ் பதில் இழுத்தான். கொஞ்ச நேரம் போனது. இழுபட்டது. பதில் இழுத்தான். வெளியே காத்திருப்பவர்களில் யாரோ இருமினார்கள். இழுபட்டது. பதில் இழுத்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டர் தலையை நீட்டினார்.

"மாஃபி," என்று இல்லை என்பதுபோல் கையை ஆட்டினார். "அவரு இழுக்கல்லியாம்," என்றாள் அஜிஷா.

மறுபடி திரைக்குள் போனார். துணி மறுபடி இழுபட்டது. யேசுராஜ் பதில் சொன்னான். டாக்டர் வெளியே வந்து துணியை மேசைமேல் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அஜிஷா திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்புறம் டாக்டரைப் பார்க்காமல் மெதுவாகத் தமிழில் சொன்னாள்:

"அண்ணா, டாக்டர் கை அசையல்ல. ஆனா துணி மொதல்ல விறைச்சுது. பொறவுதான் ஒங்க கை அசைஞ்சுது."

"என்ன சொல்கிறாய்?" என்று டாக்டர் நிமிர்ந்து கேட்டார்.

அவர் பயந்திருக்கிறார் என்று சொன்னேன் என்றாள் ஆங்கிலத்தில். அது யேசுராஜுக்கே புரிந்தது.

டாக்டர் பேசினார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கை பொய் சொல்லவில்லை. அது வேலையைவிட்டு இன்னும் வரவில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும். இதற்கு வைத்தியம் உண்டு. அக்குளில் ஊசி போட்டு நரம்பை மரக்க வைப்பார்கள். கை முழுவதும் செத்த மாதிரி ஆகும். அந்த நேரத்தில் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பலகையில் விரித்துக் கட்டுவார்கள். கட்டு அப்படியே இருக்கும். மரப்பு விட்டால் மறுபடி ஊசி. சில வாரம் இப்படி. கை மறந்துவிடும்.

"சம்மதிச்சா ஒங்களுக்கு உண்மையிலே முடியலன்னு எழுதித் தருவாராம். திட்டத்துப் பலன், அந்தச் சம்பளப் பங்கு, கெடைக்கும். வைத்தியம் வேண்டாம்னு சொன்னா லண்டன்காரன் நிறுத்திருவான். திட்டத்துல அப்பிடித்தான் இருக்குதாம்."

"மரத்திருக்கும்பம் இழுத்தா தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்பம் பதில்?"

அதை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை.

*

அன்னபாக்கியத்துக்குப் போன் செய்தான். குறும்பனையில் அப்போது சாயங்காலம். பின்னணியில் மைக்கில் ஜெபமாலை கேட்டது.

"ஊசிதானே," என்றாள் அவள். "போட்டுக்கிடுங்க. நீங்க என்ன சின்னப் பிள்ளையா?"

"கை மரத்துப் போவும்."

"மரத்தா என்ன, திரும்பி வராதா? பலன் வந்தா பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் மாறாண்டாம். நான் சாமியாரிட்டயும் கேட்டுட்டேன். ஊசியில பாவம் ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு."

"சாமியாருக்கு என்ன தெரியும்."

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவள் குரல் மாறியது.

"ஜெரிஷுக்க அம்ம வந்திருந்தா. மீன் வாங்க வந்தவ மாதிரி வந்தா. ஒங்க கை எப்பிடி உண்டுன்னு கேட்டா."

"என்னத்தச் சொன்ன?"

"சரியாயிரும்னு சொன்னேன். அவனுக்க சட்டையும் செருப்பும் பெட்டியில வச்சுக் குழியில எறக்கினாவல்லா, அவ அதுக்குப் பொறவு கல்லறைக்குப் போவல்ல. பூ வைக்கல்ல, மெழுகுவத்தி கொளுத்தல்ல. இன்னும் அழல்லங்க அவ. பாக்கதுக்கே பயமா இருக்கு. சட்டைக்கு ஆரும் அழுவாவளான்னு கேக்கா."

யேசுராஜின் கை இழுபட்டது. போனை இடது கையில் பிடித்தபடி பதில் சொன்னான். நல்லாயிருக்கேன்.

முதல் தடவையாக, அது பொய் என்று தோன்றியது. அந்த முனைக்கு இவ்வளவு நாளும் பொய் போயிருக்கிறது. இவன் நல்லாயிருக்கேன் என்று சொல்லச் சொல்ல அவனும் கீழேயே கிடக்கிறான். மேலே வா என்று யாரும் சொல்லாதவரை டைவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் முறை.

"கேக்குதா?" என்றாள் அன்னபாக்கியம்.

"கேக்கு. ஊசி போட்டுக்கிடுகேன்."

*

ரவிசங்கர் காலையிலேயே கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். ஊசி ஆரம்பித்த சான்று வந்ததும் லண்டன் பணத்தை விடும். எல்லாம் பேசியாகிவிட்டது. டாக்சிக்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். கையைத் தலைக்கு மேலே மடக்கி வைத்தார்கள். பக்கத்துத் தட்டில் ஊசியும் மருந்தும் இருந்தன. பஞ்சு பொதிந்த ஒரு பலகையும், அதில் கட்டுவதற்கு வார்களும் இருந்தன. அஜிஷா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அக்குளில் ஸ்பிரிட் தடவினாள். குளிர்ந்தது.

"பயமா அண்ணா?"

"இல்ல மக்ளே."

டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இழுப்பு வந்தது. ஒன்று.

யேசுராஜின் கை வழக்கம்போல் பின்னால் போகப் பார்த்தது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான். தன் கையையே தான் நிறுத்துவது கடினமாக இருந்தது. பதில் போகவில்லை. கயிறு காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று வந்தது. இந்த முறை பலமாக. பதில் வராத முனையில் ஆபத்து. கீழே இருப்பவன் இவனுக்காகப் பயப்படுகிறான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கை செத்துவிடும். அப்புறம் அவன் எத்தனை இழுத்தாலும் மேலே யாரும் இருக்க மாட்டார்கள்.

யேசுராஜ் நாலு இழுத்தான்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தோளிலிருந்து இழுத்தான். கட்டில் அசைந்தது. டாக்டர் ஊசியைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அசையக் கூடாது," என்றார்.

யேசுராஜ் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. உள்ளங்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் இல்லை. டாக்டர் மறுபடி குனிந்தார். ஊசி முனை தோலைத் தொட்டது.

வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

யேசுராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"ஊசி வேண்டாம்னு சொல்லு மக்ளே."

"என்ன அண்ணா?"

"வேண்டாம். நாலு வந்தாச்சு. இனி கைய விட முடியாது."

அஜிஷாவின் அப்பாவும் டைவர்களோடு கடலுக்குப் போனவராக இருக்க வேண்டும். அவள் நாலு என்றால் என்ன என்று கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் நீளமாகப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் பேசினார். அவள் சுருக்கிச் சொன்னாள்.

"வேண்டாம்னு எழுதி ஒப்பு வைக்கணுமாம். வச்சா பலன் இன்னையோட முடிஞ்சு போச்சு. பொறவு கேட்டாலும் தர மாட்டாவ. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுதாரு."

"யோசிக்கப்பிடாது. நேரம் இல்ல. தாளக் கொண்டா."

இடது கையால் பெயரை எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. வலது கை தலைக்கு மேலேயே நின்றது. அதில் கயிறு இறுகியிருந்தது. வருகிறவன் நேரத்தைக் கணக்குப் பார்ப்பான். தூக்கு என்று சொன்னபிறகு மேலே தாமதித்தால் அவன் என்ன நினைப்பான்?

"நீளமா எடம் எங்கயாவது உண்டா?"

"வெளிய வராந்தா உண்டு. ஆளு இருக்கு."

"இருக்கட்டு."

சட்டை போடாமல் வெளியே வந்தான். வராந்தாவின் ஒரு பக்கம் நாற்காலிகள். ஒரு பதான் டிரைவர், குழந்தையோடு ஒரு பெண், இரண்டு பிலிப்பினோக்கள். மறுகோடியில் கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் வெயில். யேசுராஜ் கதவைப் பார்த்து நின்றான். கால்களை அகட்டினான். இடது கையை வலது கைக்கு முன்னால் கொண்டுபோய் மூடினான்.

இழுத்தான்.

இரு கை விரிக்கும் நீளத்துக்கு ஒரு பாகம் கயிறு வந்தது. வலது கை விரல்கள் திறந்து, முன்னால் போய், மறுபடி மூடின. அதை அவன் கவனிக்கவில்லை. இடது. வலது. இடது. கயிறு வந்தது. வேகமாகத் தூக்கக் கூடாது. ஆழத்திலிருந்து வருகிறவனை வேகமாகத் தூக்கினால் இரத்தம் கெட்டுப்போகும். ஒரு சீராக வர வேண்டும். அவன் உதடு அசைந்தது. ஏலேலோ ஒன்றும் இல்லை. மூச்சுதான்.

கயிறு அவனுக்குப் பின்னால் தரையில் விழுந்துகொண்டிருந்தது. யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. ஆனால் பதான் டிரைவர் "க்யா ஹுவா, பாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், என்னவென்று தெரியாமலேயே தன் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான். குழந்தை தரையைப் பார்த்தது.

டாக்டர் அறை வாசலில் நின்றார். அவர் பார்த்தது யேசுராஜின் வலது கையை. அது திறந்தது, மூடியது, திறந்தது.

யேசுராஜின் கால்சட்டைப் பையில் போன் அடித்தது. ரவிசங்கராக இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சுவரோரம் கிடந்த சக்கர நாற்காலியை அஜிஷா தள்ளிவிட்டு வந்தாள்.

"பின்னால நகராதிய அண்ணா. கயிறு காலுல சுத்திரும்."

"சுத்தி வை."

அவள் குனிந்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு தரையில் கையை வைத்து, வளையம் வளையமாக ஓரத்துக்கு ஒதுக்கினாள். வீட்டில் சின்ன வயதில் செய்த வேலை போல அவள் கை தானாகச் செய்தது.

கயிறு கனக்கத் தொடங்கியது. யேசுராஜின் முதுகில் வியர்வை ஓடியது. ஒரு காலைச் சுவரில் ஊன்றினான். இதுதான் கடைசி. இங்கேதான் டெண்டருக்கு ஆள் துணை வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும்வரை ஆள் லேசு, ஒரு கையால் தூக்கிவிடலாம். தண்ணீரைவிட்டு வெளியே வரும்போதுதான் அவன் எடை என்னவென்று தெரியும்.

இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அரைச் சாண் வந்து நின்றது. உள்ளங்கையில் பழைய காயம் திறந்துகொண்டது.

"மக்ளே, ஒரு கை குடு."

அஜிஷா கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். அவனுக்குப் பின்னால் நின்று, அவன் கைக்கு அடுத்தாற்போல் இரண்டு கையாலும் பிடித்தாள்.

மறுமுனையில் தொங்கிய ஆளின் கனத்தில் நாலு கையும் ஒன்றாகக் கீழே இழுபட்டன.